ஓராள் விலகி

எங்கள் வீட்டுத் தெருச்சுவர் விழுந்தபோது உள்ளே ஆறு பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பிடித்து, நாலாம் நாள் காலையில் சுள்ளென்று வெயில் அடித்தது. கரிசல் மண்ணில் கட்டிய வீட்டுக்கு மழையைவிட, மழைக்குப் பிறகு வரும் வெயில்தான் ஆகாது. ஈரத்தில் உப்பி நிற்கிற மண் காயும்போது இறங்கும். இறங்கும்போது சுவரையும் கூட்டிக்கொண்டு இறங்கும். பொத்தென்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் எனக்கு எதிரே தெரு தெரிகிறது. சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்ததால் ஒருத்திக்கும் கீறல்கூட இல்லை. ஒரு பெண் மட்டும் பதற்றத்தில் மிஷின் மிதித்த காலை நிறுத்தாமல், பாவாடை ஓரத்தைக் கடைசிவரை தைத்து முடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அழுதாள்.

இது அறுபதுகளின் கடைசியில் நடந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பாதையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது ஊர். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நாலு பேர் வந்து சண்டைக்கு நிற்பார்கள். சண்டை போடுகிற வயதை நான் தாண்டிவிட்டேன். கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

வீடு தேரோடும் வீதியில் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு அருப்புக்கோட்டை மில்லில் ஷிப்ட் வேலை. நான் மதுரையில் தையல் படித்துவிட்டு வந்தவள். தெருப்பக்கத்து அறையில் ஆறு கால்மிஷின்களைப் போட்டு, பெண்களுக்குக் கிளாஸ் நடத்தினேன். பெரிய மனுஷியானதும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட பெண்கள். அவர்கள் வாசலைத் தாண்டுவதற்கு ஊர் ஒப்புக்கொண்ட ஒரே காரணம் என் கிளாஸ்தான். ‘தையல் டீச்சர் வீட்டுக்குப் போறா’ என்றால் தகப்பன்மார்கள் வாய் திறக்க மாட்டார்கள். அது என் தையலின் பெருமை என்று நான் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அந்த அறைக்குத் தெருவைப் பார்த்து ஒரு சுவர் இருந்தது, அந்தச் சுவரில் தலைக்கு மேலே ஒரு வரிசை ஜன்னல் இருந்தது. வெளிச்சம் உள்ளே வரும், தெருவில் போகிறவன் கண் உள்ளே வராது. அவ்வளவுதான் விஷயம்.

என் வீட்டுக்காரருக்கு ஊரில் இன்னொரு வேலையும் இருந்தது. தேர் ஓடுகிற நாளில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களில் அவரும் ஒருவர். தேர் வேகம் பிடித்தால் நிறுத்துவதும், மூலையில் திருப்புவதும் அந்தக் கட்டைதான். எங்களுக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம் தேரின் அச்சு முறிந்தது. அன்றிலிருந்து தேர் தகரக் கொட்டகைக்குள் நின்றுவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஓடாமல் நின்ற அந்தத் தேர்தான் என் சுவர்மேல் ஏறியது.

விழுந்த சுவரை ஒரு வாரத்தில் எழுப்பிவிடலாம் என்று நினைத்தேன். அஸ்திவாரக் கல் அப்படியே இருந்தது, கொத்தனாரையும் பேசியாகிவிட்டது. எதற்கும் பஞ்சாயத்து ஆபீஸில் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்துவிடுவோம் என்று போனேன். அதுதான் நான் செய்த தப்பு.

கிளார்க் மனுவைப் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“இது சாதாத் தெரு இல்ல டீச்சர். தீர்மானம் இருக்கு.”

“என்ன தீர்மானம்?”

“பழமையக் காப்பாத்துற தீர்மானம்.”

கதை இதுதான். அதற்கு முந்தின வருஷம் ஒரு பெரிய அதிகாரி ஊருக்கு வந்திருந்தார். வீதியில் நடந்து போனவர், இரண்டு பக்கமும் ஒரே வரிசையாக நின்ற நாட்டு ஓட்டு வீடுகளையும், கூரையைத் தாங்குகிற செதுக்கு மரங்களையும் பார்த்துவிட்டு, “இந்தத் தெருவை இப்படியே காப்பாத்துங்க” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். மனுஷர் பாராட்டித்தான் போனார். ஆபீஸுக்கு அது உத்தரவாகக் கேட்டது. பீரோவின் அடித்தட்டில் கிடந்த பழைய வீதிப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்தார்கள். அதில் என்ன இருக்கிறதோ அதன்படிதான் இனி அந்த வீதியில் வீடு இருக்க வேண்டும், முகப்பில் கை வைக்கிறவர்கள் எல்லாம் பதிவேட்டுக்குப் பொருந்தும்படி கட்ட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். நாட்டு ஓடுதான் போட வேண்டும், சுண்ணாம்புதான் பூச வேண்டும், மொட்டை மாடி கூடாது. இதெல்லாம் எனக்குச் சம்மதமே. கடைசியில் ஒன்று இருந்தது. சுவர் தேருக்கு ஐந்தரை அடி விலகி இருக்க வேண்டுமாம்.

அந்தத் தெருவில் இருந்த வீடுகள் எல்லாமே பழைய வீடுகள்தான், பழைய இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தன என்பது அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அளப்பதற்கு ஓவர்சியர் வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. அந்தப் பக்கத்தில் மழை பொய்த்த வருஷங்களில் கிணறு ஆழப்படுத்துகிற வேலைதான் அவருக்கு முழுநேரமும். வெயிலில் நின்று நின்று கன்றிப்போன முகம். முதலில் கொட்டகையில் நின்ற தேரை அளந்தார். தெருவுக்கு நடுவே கயிறு பிடித்து, தேரின் அகலத்துக்கு முளை அடித்துக் குறித்தார். அங்கிருந்து ஐந்தரை அடி எண்ணிக்கொண்டே வந்தார். விழுந்த சுவரைத் தாண்டினார், அஸ்திவாரத்தைத் தாண்டினார், அறைக்குள் வந்து, மூன்றாவது மிஷினுக்கு அடியில் சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போட்டார்.

“இது வரைக்கும் தெரு, டீச்சர்.”

“இது என் வீடு சார்.”

“வீடு அந்தப் பக்கம்” என்று கோட்டுக்கு உள்பக்கத்தைக் காட்டினார். கேலிக்குச் சொல்லவில்லை. வழி கேட்டவனுக்குச் சொல்வது மாதிரி பொறுமையாகச் சொன்னார்.

அறையின் அகலமே எட்டு அடி. கோடு மூன்றரை அடி உள்ளே விழுந்தது. மிச்சம் நாலரை. அதில் மிஷினைப் போட்டால் உட்கார இடமில்லை, உட்கார்ந்தால் பின்னால் நடக்க வழியில்லை. கிளாஸ் என்று ஒன்று இருக்காது. நான் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆள் வைத்து ஓலைத் தட்டி கட்டி, அறையை மறைத்துவிட்டு, மேல் மனு எழுதினேன். சீக்கிரம் பதில் வரும், தட்டி ஒரு மாதம் தாங்கினால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

தட்டியை நான் மூன்று தரம் மாற்றினேன். பதில் வரவில்லை.

ஆபீஸுக்கு நடந்த நடைக்கு அளவில்லை. ஒரு நாள் நிர்வாக அதிகாரி லீவு. ஒரு நாள் அவர் இருப்பார், பைல் இருக்காது. “பைல் மேல போயிருக்கு டீச்சர்” என்பார் கிளார்க். அந்த ஆபீஸுக்கு மாடியே கிடையாது. மேலே என்றால் எங்கே என்று கேட்டால், விட்டத்தைப் பார்ப்பார். விட்டத்தில் புறாதான் உட்கார்ந்திருக்கும்.

இதற்குள் பெண்கள் நின்றுபோனார்கள். ஒரேயடியாக இல்லை, ஒவ்வொருத்தியாக. தட்டியில் காற்று வரும், காற்றோடு எட்டிப் பார்க்கிற கண்ணும் வரும். சைக்கிளில் போகிற விடலைகள் தட்டிப் பக்கம் வந்ததும் மணி அடித்தார்கள். ஒரு பெண்ணின் அம்மா வந்து, மகளின் கத்திரிக்கோலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“தப்பா நெனைக்காதீக டீச்சர். அவுக அப்பா கூடாதுங்குறாக. செவரு வரட்டும், நானே கொண்டாந்து விடுறேன்.”

செவரு வரட்டும், செவரு வரட்டும் என்று சொல்லித்தான் ஆறு பேரும் போனார்கள். கடைசிப் பெண், சுவர் விழுந்த அன்றைக்கு ஓரத்தைத் தைத்து முடித்துவிட்டு அழுதவள், போகும்போது மிஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்து, துணி போட்டு மூடிவிட்டுப் போனாள். அன்றைக்கு நான் அழுதேன். அழுததில் பாதிக்கு மேல் ஆத்திரம்.

எங்களுக்குத் தைக்கத் துணி கொடுத்தது வீரசோழன் ஊர் வியாபாரி ஒருவர். வாரம் ஒரு தரம் உள்பாவாடைத் துணிக் கட்டோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். ஆறு மிஷினுக்குக் கொடுத்தவர், மூன்றுக்குக் கொடுத்தார், பிறகு எனக்கு மட்டும் கொடுத்தார். ஒரு நாள் தட்டியையும் தேர்க் கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “என்னம்மா ஒங்க ஊரு! தேரு நிக்கிது, செவரு ஓடுது” என்றார். சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு அவர்மேலும் கோபம் வந்தது.

தெருவில் மற்றவர்கள் என்னைப் பார்த்துப் பாடம் படித்துக்கொண்டார்கள். மனுப் போட்டால் மூன்றரை அடி போகும். அதனால் ஒருவரும் மனுப் போடவில்லை. கூரை ஒழுகினால் ஒழுகட்டும், மரம் உளுத்தால் உளுக்கட்டும் என்று விட்டார்கள். மூன்றாவது வீட்டில் சாய்ந்த சுவருக்குப் பனந்தடியை முட்டுக்கொடுத்து, அதன் நிழலில் கோழியைக் கட்டிப் போட்டார்கள். கையில் வசதி இருந்த ஏழு வீட்டுக்காரர்கள் மட்டும், ‘சனியன் தொலையட்டும்’ என்று முகப்பை இடித்துப் பின்னால் தள்ளிக் கட்டினார்கள். ஒரே வரிசையாக நின்ற தெரு பல் விழுந்த வாய் மாதிரி ஆனது. அந்த அதிகாரி திரும்பி வந்திருந்தால், எந்தத் தெருவைப் பாராட்டினோம் என்று தேடியிருப்பார்.

பதிவேட்டை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நான் முதல் மாதத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். பொதுமக்கள் பார்க்கக் கூடாது என்றார் கிளார்க். சாவி இல்லை என்றார். பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்றார். அப்போதுதான் அவருடைய மனைவி, பாலவனத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்று என்னிடம் ஜாக்கெட் துணி கொடுத்தார்.

அந்த ஜாக்கெட்டை நான் மறுநாளே தைத்து முடித்துவிட்டேன். கொடுக்கத்தான் இல்லை. வாங்க வந்தவரிடம், “மனு எழுதிக் குடுத்தீகளா?” என்று கேட்டேன். அந்த அம்மாள் திகைத்துப் போனார். அடுத்த நாள் வந்தபோது, “ஜாக்கெட்டு மேல போயிருக்கு” என்றேன். பாவம், அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மூன்றாம் நாள் கிளார்க்கே வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

“என்ன டீச்சர் வெளையாட்டு இது? வீட்ல எனக்குச் சோறு போட மாட்டேங்குறா.”

“பதிவேட்டக் காட்டுங்க. ஜாக்கெட்டு கீழ எறங்கும்.”

அன்று மத்தியானமே காட்டினார். சிவப்புத் துணியில் சுற்றிய நோட்டு. பழுப்பேறிய தாள். எங்கள் வீதிக்கு ஒரு பக்கம். அதில் ஒரு வரி. ‘இருபுறத்து வீடுகளும் தேருக்கு ஓராள் விலகி இருக்கக் கடவது.’ அவ்வளவுதான். நான் இரண்டு தரம் படித்தேன்.

“இதுல அஞ்சர அடி எங்க இருக்கு?”

பக்கத்து மேஜையில் ஓவர்சியர் டீ குடித்துக்கொண்டிருந்தார். “ஓராள்னா அஞ்சர அடிதானம்மா. நான் வெட்டாத கெணறா?” என்றார்.

எங்கள் பக்கத்தில் கிணற்றை அடிக் கணக்கில் சொல்ல மாட்டார்கள். ‘பத்தாள் கெணறு’, ‘பன்னெண்டாள் தோண்டியும் தண்ணி இல்ல’ என்றுதான் பேச்சு. ஓர் ஆள் நிமிர்ந்து நின்றால் எவ்வளவு உயரமோ அது ஓராள். தண்ணீருக்கு அலைகிற ஊரில் எதை அளந்தாலும் கிணறுதான் ஞாபகத்துக்கு வரும். ஓவர்சியர் சொன்னதும் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது அதுதான். ‘ஆமா, ஓராள்னா அஞ்சர அடிதான்’ என்று நானே தலையாட்டிவிட்டு, ஜாக்கெட்டையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து, பழையசோற்றில் கை வைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆபீஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் வழக்கம்போல, கேட்டும் கேட்காமலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வரியைச் சொன்னதும் கை நின்றது.

“என்னன்னு எழுதியிருக்கு? திரும்பச் சொல்லு.”

“தேருக்கு ஓராள் விலகி.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். புரையேறுகிற வரைக்கும் சிரித்தார். “ஏ, அது கெணத்து ஆளு இல்ல. அது நாந்தான்” என்றார்.

எழுந்து, சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் போய் ஒருக்களித்து நின்றார். அரிசி புடைக்கிற சுளகைக் கட்டை மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டார். “இந்தா, இது சக்கரம். இது செவரு. நடுவுல கட்டையோட ஓராளு போகணும். போக எடம் இல்லன்னா நசுங்கிருவான். அதுக்குத்தான் ஓராள் வெலகி. தேரு மூலைக்கு வந்தா ஆசாரி சத்தம் போடுவாருல்ல, ‘ஓராள் இருக்கா’ன்னு? நாங்க ‘இருக்கு’ம்போம். ஒனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியும். புதுப் பெண்ணாக வந்த முதல் வருஷம், அந்த உயரத்து ஜன்னலில் முக்காலி போட்டு ஏறி நின்று, அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். ‘இருக்கு’ என்று கத்துகிற குரலில் எது இவர் குரல் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றவள் நான்.

“இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?” என்று அவர்மேல் பாய்ந்தேன்.

“நீ அஞ்சர அடின்னுதான சொன்ன. ஓராள்னு எப்பச் சொன்ன?”

அளவு டேப்பை எடுத்து, அவரை அப்படியே ஒருக்களித்து நிற்க வைத்து, கட்டையோடு சேர்த்து அளந்தேன். இரண்டு அடி. வெளியே போய், அஸ்திவாரத்துக்கும் தேரின் அகலத்துக்கு ஓவர்சியர் அடித்துவிட்டுப் போன முளைக்கும் நடுவே அளந்தேன். அதுவும் இரண்டு அடி. விழுந்த சுவர் இம்மி பிசகாமல் பதிவேட்டின்படிதான் நின்றிருக்கிறது.

இரண்டு பேரும் ஆபீஸுக்குப் போனோம். அவர் பீரோவுக்குப் பக்கத்தில் ஒருக்களித்து நின்று காட்டினார். ஓவர்சியர் பேனாவை மூடிப் பையில் சொருகிக்கொண்டு, “நீங்க சொல்றது சரிதான்” என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவரை நான் மன்னித்தேன். எங்களை நிர்வாக அதிகாரியிடம் அவரே கூட்டிப் போய் எல்லாவற்றையும் விளக்கினார். அதிகாரி வெளியூர்க்காரர், மரியாதையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இருக்கலாம்மா. நீங்க சொல்ற மாதிரியே இருக்கலாம். ஆனா ஏழு வீட்ட இடிக்க வச்சிருக்கோம். இப்ப ரெண்டு அடின்னு எழுதினா அந்த ஏழு பேரும் நாளைக்கு இந்த வாசல்ல நிப்பாங்க.”

“அப்ப தப்புன்னு தெரிஞ்சும் விட்டுருவீகளா?”

“தப்பு இல்லம்மா. தீர்மானம்.”

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். “ஊருல முட்டுக்கட்டை போடுறது நீங்க மட்டுந்தான்னு நெனச்சேன்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. தேருக்குப் போடுகிற கட்டையை எடுக்கவும் தெரிந்தவர் அவர். ஆபீஸ் போட்ட கட்டையை எங்கே பிடித்து உருவுவது என்று அவருக்கும் தெரியவில்லை.

அடுத்த மழைக்கு முன்னால் மூன்றரை அடி தள்ளிக் கட்டினோம். பழைய மாதிரியே இருக்க வேண்டும் என்று சட்டம் அல்லவா? அதே உயரத்தில் அதே வரிசை ஜன்னல், அதே நாட்டு ஓடு, அதே சுண்ணாம்பு. வந்து பார்த்த நிர்வாக அதிகாரி, “பழமை மாறாம இருக்கு” என்று திருப்திப்பட்டார். உள்ளே நாலரை அடியில் ஒரு மிஷினைக் குறுக்காகப் போட்டுக்கொண்டு, அதைத் தாண்டித்தான் நான் அடுப்படிக்குப் போக வேண்டும். மற்ற ஐந்தையும் வீரசோழன் வியாபாரியே விலைக்கு எடுத்துக்கொண்டு போனார். சுவர் வந்துவிட்டது என்று சொல்லி அனுப்பலாம்தான். வந்தால் எங்கே உட்கார வைப்பது? அந்த ஆறு பெண்களில் ஒருத்திகூட என்னிடம் தைத்து முடித்துப் போகவில்லை. ஜாக்கெட்டுக்குக் கை ஏற்றக் கற்றுக்கொள்ளாமலே எல்லோரும் கல்யாணமாகிப் போனார்கள். இதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

எழுபதுகளில் நாலைந்து வருஷம் போனது. எங்களைப் பார்த்து இன்னும் பல வீடுகள் பின்னால் போயிருந்தன. முன்னால் விட்ட இடத்தில் குப்பையும், எருமையும், உடைந்த வண்டிச் சக்கரமுமாகக் கிடந்தது. அப்போது பஞ்சாயத்து புதிதாக ஒரு தீர்மானம் போட்டது. வீதி ஓரத்தில் ‘சும்மா கிடக்கிற’ இடத்தைப் பெட்டிக் கடைகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று. தண்டோரா போட்டார்கள். வீட்டுக்காரர்களுக்கு முதல் உரிமையாம். அவர்கள் வேண்டாம் என்றால் வெளியாட்களுக்காம். நான் எடுக்காவிட்டால் என் ஜன்னலுக்கு நேராக டீக்கடையோ சைக்கிள் கடையோ வந்து நிற்கும். மனுப் போட்டேன். என்ன அதிசயம், நாலே நாளில் லைசென்ஸ் வந்துவிட்டது. பைல் மேலே போகவே இல்லை.

லைசென்ஸ் தாளில் நிபந்தனைகள் இருந்தன. கடைசி நிபந்தனை: ‘கடையானது தேருக்கு ஓராள் விலகி இருத்தல் வேண்டும்.’

அதே கிளார்க்தான். “ஓராள்னா எத்தன அடி?” என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பியூனைக் கூட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார். தேர் அகலத்துக்குப் போட்ட கோட்டைக் காட்டி, “ஏலே, கட்டையப் புடிக்கிற மாதிரி இதுல வந்து ஒருச்சாச்சு நில்லு” என்றார். பியூன் ஒருக்களித்து நின்றான். அவன் முதுகு முடிந்த இடத்தில் கிளார்க் சுண்ணாம்புக் கோடு போட்டார். இரண்டு அடி. கோட்டுக்கு அடியில் என் பழைய சுவரின் அஸ்திவாரக் கல் இருந்தது. செருப்புக் காலால் மண்ணை விலக்கிக் காட்டினேன். “டீச்சர், எனக்குப் பத்து வேல கெடக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தகரம் அடித்து, உள்ளே என் மிஷினைப் போட்டேன். முன்பு மூன்றாவது மிஷின் இருந்த அதே இடம். என் வீட்டின் தரையில், என் பழைய சுவரின் கல்மேல், மாதம் தவறாமல் வாடகை கட்டிக்கொண்டு, திறந்த தெருவைப் பார்த்து உட்கார்ந்து கிழிசல் தைத்தேன். பெண்பிள்ளைகள் யாரும் தெருவில் உட்கார்ந்து தையல் படிக்க வர மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், நானும் யாரையும் கூப்பிடவில்லை.

அந்த வருஷம் பங்குனியில் தேருக்குப் புது அச்சுப் போட்டு மறுபடி ஓட்டினார்கள். ஊரே வடத்தைப் பிடித்தது. நான் கடையைச் சாத்தவில்லை. லைசென்ஸ் இருக்கிறது, ஏன் சாத்த வேண்டும் என்று வீம்பாக மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். தேர் எங்கள் வீட்டுக்கு நேராக வரும்போது கொஞ்சம் ஒதுங்கி வந்தது. முன்னால் நின்ற ஆசாரி கையைத் தூக்கி, “ஓராள் இருக்கா?” என்று சத்தம் போட்டார். சக்கரத்துக்கும் என் தகரத்துக்கும் நடுவில் கட்டையைப் பிடித்தபடி என் வீட்டுக்காரர் ஒருக்களித்து வந்துகொண்டிருந்தார். தலையில் நரை ஏறியிருந்தது. அவர் முதுகு தகரத்தில் லேசாக உரசியது. உள்ளே இருந்த என்னைப் பார்த்தார். வாய் திறந்தவர், சத்தம் கொடுக்காமல் நின்றார். எதிர்ப்பக்கத்தில் கிளார்க் கையைக் கூப்பிக்கொண்டு கண்ணை மூடி நின்றார்.

“இருக்கு!” என்று நான் கத்தினேன். மிஷினைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கத்தினேன். “இருக்கு! அன்னைக்கும் இருந்துச்சு!”

மேளச் சத்தத்தில் அது அவருக்கு மட்டும்தான் கேட்டது. கட்டையை உருவிக்கொண்டு அடுத்த வீட்டுப் பக்கம் போனார்.